சங்குக்கு அசையாத ஜமீன்

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆறும் இன்று தத்தம் காலில் நிற்கின்றன. நெய்வேலி டவுன்ஷிப் தெருக்களைப் பதினெட்டு வருடம் கான்ட்ராக்டில் கூட்டி, அப்புறம் பர்மனென்ட் ஆகி, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டு ரிட்டயர் ஆனவள் நான். பஸ் போர்டு படிப்பேன். பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்பைப் படிப்பேன். அதற்கு மேல் ஓடாது. அதனால் இதை வாயால்தான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். என்னோடு விளக்குமாறு பிடித்தவர்களும், இப்போது சாயங்காலம் பார்க்கில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுமான என் வயதுக்காரிகளே, இது உங்களுக்குத்தான்.

போன வாரம் நாம் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு போனாரே, ஞாபகம் இருக்கிறதா? கன்றுக்குட்டி உயரத்தில் சீமை நாய். பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டுவிட்டது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி நடத்திக்கொண்டு போனார். நீங்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினீர்கள். "சாதி நாய்க்கா இந்தக் கதி? தெரு நாய்க்குத்தான் நோய் வரும், சாதி நாய் கல்லாட்டம் இருக்குமே" என்றாள் ஒருத்தி. நான் வாயைத் திறக்கவில்லை. சாதி நாய் விஷயத்தில் வாயைத் திறந்தும் இருக்கிறேன், மூடியும் இருக்கிறேன். இரண்டுக்கும் என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயதோ பத்தோ. எங்கள் ஊர் இருந்த இடம் சுரங்கத்துக்குப் போய், டவுன்ஷிப்புக்கு வெளியே குடிசை போட்டிருந்தோம். அப்பா லாரியில் மண் ஏற்றுகிற கூலி. அம்மா மூன்று குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தாள். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தி, கூட அழைத்துப்போக ஆரம்பித்திருந்தாள். "நீ ரெண்டு குடம் தண்ணி தூக்குனா எனக்கு ரெண்டு நடை மிச்சம்டி" என்பாள். அதுதான் என் பள்ளிக்கூடம் நின்ற கதை. அழவில்லை. அந்த மூன்றில் ஒரு வீட்டில் நாய் இருந்தது.

அந்த வீட்டு சார் சுரங்கத்தில் பெரிய இயந்திரங்கள் ஓடுகிற பிரிவில் அதிகாரி. தெற்கத்திக்காரர், விருதுநகர்ப் பக்கம். நல்ல உயரம், முறுக்கு மீசை, எங்களை "தாயி" என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டம்மா அதிகம் பேசாது. மருதாணி வேலி போட்ட வீடு. வாசலில் ஒரு பாதாம் மரம். எங்களுக்குப் பின்வாசல். பின்தாழ்வாரம் வரை வரலாம், அதைத் தாண்டி முன்கூடத்துக்கு வரக்கூடாது. யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். நாய் முன்கூடத்தில் படுத்திருக்கும்.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராஜபாளையத்து நாய். பால் நிறம் என்று சொன்னால் போதாது, கறந்த பாலில் நுரை நிற்குமே, அந்த வெள்ளை. ஒரு பொட்டு வேறு நிறம் கிடையாது. மூக்கு ரோஸ். வயிறு உள்வாங்கி, கால் நீண்டு, நடந்தால் தரைக்கு வலிக்காத மாதிரி நடக்கும். பெயர் ஜமீன். பழுப்பு நிலக்கரித் தூசி படிந்து கொடியில் காய்கிற வேட்டிகூட சாம்பல் பூத்துப்போகிற ஊரில், அந்த நாயை வாரம் இரண்டு தரம் குளிப்பாட்டி வெள்ளையாகவே வைத்திருந்தார் சார். தெருவில் அதைக் கூட்டிக்கொண்டு போனால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள். அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். நாயைப் பார்த்துவிட்டு அப்படியே அண்ணாந்து சாரைப் பார்ப்பார்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

அது படுக்க ஒரு பலகை இருந்தது. வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த பெட்டியை உடைத்துச் செய்த பலகை. ஷிப்டில் எல்லாரும் அந்த மரத்தில் ஸ்டூல், அலமாரி என்று செய்துகொண்டார்கள். சார் நாய்க்குப் பலகை செய்தார். பகலில் தோட்டத்தில் போட்டிருக்கும்போது வெயில் பட்டால் அந்த மரத்தில் ஒரு வாசனை எழும். பிசின் மாதிரி, மருந்து மாதிரி. அந்த வாசனையை அப்புறம் நான் எங்கேயும் முகரவில்லை.

ஜமீனின் பெருமையிலெல்லாம் பெரிய பெருமை சங்கு. ஷிப்டு சங்கு ஊதினால் டவுன்ஷிப்பில் இருக்கிற அத்தனை தெரு நாயும் மூக்கை வானத்துக்குத் தூக்கி ஊளையிடும். ஜமீன் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. பலகையில் கிடந்தபடி கண்ணை மூடியிருக்கும். சார் அந்த நேரமாகப் பார்த்து விருந்தாளிகளை வரச் சொல்வார். இரண்டு மணிச் சங்குக்குக் காத்திருந்து காட்டுவார்.

"பாத்தீகளா? தெருவுல இருக்கதெல்லாம் ஒப்பாரி வைக்குது, இது அசையுதா? வம்சம்னா அது வம்சம்."

"கூப்பிட்டா வருமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"கூப்பிட்ட உடனே ஓடி வந்தா அது ஜமீனா? அது நினைச்சா வரும்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் சுரங்கத்தில் வெடி வைத்தால் மட்டும் ஜமீன் தலையைத் தூக்கிப் பார்க்கும். "வெடிக்கு மட்டும் மரியாதை குடுக்கும்" என்பார் சார். அதற்கும் சிரிப்பார்கள்.

எனக்கு ஒரு தீபாவளிக்கு விளங்கியது. தெருவில் யானை வெடி வெடிக்கிறார்கள். எங்கள் குடிசைப்பக்க நாயெல்லாம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. ஜமீன் தோட்டத்து ஓரமாகப் பலகையில் தூங்குகிறது. வெடிச் சத்தத்தில் என் காதே அடைத்தது, அதன் காது மடல்கூட ஆடவில்லை. பீங்கான் தட்டில் சோறு கொண்டுபோன நான் பலகை ஓரத்தில் கால் வைத்தேன். வைத்ததுதான் தாமதம், விருட்டென்று எழுந்தது.

மறுநாள் அம்மா துணி அலசும்போது சோதித்துப் பார்த்தேன். பின்னால் நின்று தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். ஒன்றுமில்லை. பலகை விளிம்பில் குதிகாலால் ஒரு மிதி. திரும்பியது. மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் அதே. சுரங்கத்து வெடி தரையை ஆட்டும். சங்கு ஆட்டாது. அவ்வளவுதான் ஜமீனின் மரியாதை.

அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அதுக்குக் காது கேக்கலம்மா."

அம்மா அலசுவதை நிறுத்தவில்லை. "கேக்கலன்னா உனக்கென்னாடி? அவங்க வூட்டு நாயி, அவங்க பாடு. நீ போய் சொல்லிகினு நிக்காத. நாயி செவுடுன்னு சொன்னா நம்மள வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க."

அன்றைக்கு வாயை மூடினேன். மூடியது வீண்போகவில்லை. ஜமீனும் நானும் சிநேகம் ஆனோம். பலகையை மிதித்தால் பார்க்கும். உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் உட்காரும். விரலை மடக்கினால் வரும். ஊர் முழுக்கக் கூப்பிட்டும் வராத ஜமீன், பாத்திரம் தேய்க்க வந்தவள் மகளின் ஒரு விரலுக்கு வந்தது. அதில் எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல? நானும் சங்குக்கு அசையாதவள் மாதிரிதான் நடந்தேன்.

கார்த்திகை மழையில் அதற்குத் தோல் கெட்டது. காது ஓரமும் அடிவயிறும் சிவந்து, முடி கொட்டி, சொறிந்து சொறிந்து நீர் வடிந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்து பார்த்தார். பின்தாழ்வாரத்தில் நானும் அம்மாவும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம்.

"இதோட அப்பன் ஆத்தா எங்க சார் இருக்கு?"

"எங்க அண்ணன் வீட்டுலதான் ரெண்டும். ஒரு வயித்துல பொறந்ததுக. வெளி ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. குட்டியில கலர் விழுந்தா அதை வைக்கவே மாட்டாக."

"அங்கதான் சார் வினை. அண்ணன் தங்கச்சியவே சேத்துகிட்டே போனா வெள்ளை நிக்கும், ரோஸ் மூக்கு நிக்கும். கூடவே வேண்டாததும் நின்னுடும். தோலு, கண்ணு, காது. வெளியில ஒரு நல்ல நாயோட சேத்திருந்தா இந்தச் சொறி வந்திருக்காது."

"காதா? என் நாய்க்கா?" சார் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க ரெண்டு மணிக்கு வந்து பாருங்க டாக்டர்."

டாக்டருக்கு வேறு இடத்தில் ஒரு மாடு காத்திருந்தது. களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா சத்தமில்லாமல் உள்ளே போனது. அந்த அம்மாவைச் சொந்தத் தாய்மாமனுக்கே கட்டியிருந்தார்கள். சார்தான் அந்த மாமன். மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் தங்கவில்லை. டாக்டர் நாயைப் பற்றித்தான் பேசினார். அந்த அம்மா அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "தலைவலியாம்" என்றாள் அம்மா. நானும் தலைவலி என்றே நினைத்தேன். எத்தனையோ வருடம் கழித்து, என் இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அந்த நிலைப்படி ஞாபகம் வந்து விளங்கியது.

மார்கழியில் ஒரு நாள் சார் முதல் ஷிப்டு முடிந்து வந்தார். ஜமீன் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று வேலையில் என்ன நல்லது நடந்ததோ, உற்சாகமாகக் குனிந்து அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்து ஆட்டினார். தூக்கத்தில் திடுக்கிட்ட நாய், யார் என்னவென்று பார்க்காமல் ஒரே கவ்வு. கட்டைவிரல் பக்கம் பிளந்துவிட்டது. கவ்விய மறு நொடியே அவரைத் தெரிந்துகொண்டு தரையோடு தரையாகப் படுத்து வாலை ஒடுக்கிக்கொண்டது. நான் தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன். அந்த முகத்தில் வெறி இல்லை. பயம்தான் இருந்தது.

தெருவே கூடிவிட்டது. "வெறி புடிச்சிருக்கும்" என்றார்கள். சாருக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட ஆரம்பித்தார்கள். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். பின்புறத்துக் கொட்டகையில் பலகையோடு கட்டினார்கள். சோறு வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பத்து நாளும் தின்றது, குடித்தது, வாலாட்டியது. பதினோராம் நாள் காலை அம்மா பாத்திரம் தேய்க்கையில் சார் வந்து வீட்டம்மாவிடம் சொன்னார்.

"வெறி இல்லதான். ஆனா எசமானைக் கடிச்ச நாயை வீட்டுல வைக்கிற வழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது. நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிட்டேன். சாயங்காலம் வருவாங்க."

"அது அறியாம செஞ்சிருக்கும் மாமா."

"அறியாம என்ன? என்னையத் தெரியாதா அதுக்கு?"

அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் உதறினேன்.

"சார், அதுக்குக் காது கேக்காதுங்க சார். பின்னாடி வந்து தொட்டா திடுக்குனு ஆயிடுது. வேணும்னு கடிக்கல சார்."

"சின்னப் புள்ளைங்க, என்னாமோ ஒளறுதுங்க சார்" என்றாள் அம்மா.

சார் என்னையே பார்த்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலிங்க. நானே பாத்தன்."

அவர் திட்டவில்லை. உள்ளே போய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, கொட்டகைக்கு எதிரே இருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஊர் நாயெல்லாம் ஊளையிட்டது. ஜமீன் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. அவர் எழுந்து, அதன் தலைக்குப் பின்னால் போய் நின்று, "ஜமீன்" என்றார். கை தட்டினார். பிறகு ஒரு மனிதன் தன் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக, "ஐயா, ஜமீன்" என்றார். நான் பலகையை மிதித்தேன். அது எழுந்து திரும்பி, அவரைக் கண்டதும் உடம்பெல்லாம் ஆட வாலாட்டியது.

"இத்தனை நாளா ஊரையெல்லாம் கூப்பிட்டுல்ல காட்டினேன்" என்றார்.

நாய் வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டார். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் அவர் ஜமீனை விருத்தாசலம் கொண்டுபோய் ரயிலேற்றிக்கொண்டு ஊருக்குப் போனார். "அண்ணன் வீட்டுல விட்டுட்டு வாரேன். அவுக பாத்துக்கிடுவாக" என்றார். தெருவில் கேட்டவர்களுக்கு, "இணை சேர்க்கக் கொண்டுபோறேன்" என்று சொன்னார். நான் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி, காதோரப் புண்ணுக்குக் களிம்பு போட்டு அனுப்பினேன். தன் ஊருக்கு, தன் இனத்தோடு இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

எட்டு நாள் கழித்து சார் திரும்பினார். கையில் மூங்கில் கூடை. அதற்குள் பூனை உயரத்தில் இன்னொரு வெள்ளை. தெருவுக்கு அது ஜமீனின் தம்பி. "மூத்தது அங்கயே இருக்கட்டும்னு கேட்டுட்டாக" என்றார்.

பின்தாழ்வாரத்தில் வீட்டம்மா அம்மாவிடம் தணிந்த குரலில் பேசியது. நான் விளக்குமாறோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பெரிய மாமா மறுநாளே சோத்துல மருந்து வச்சிட்டாராம். காது கேக்காத வெள்ளைய அங்க வைக்கிறதில்லையாம். வச்சா வம்சத்துக்கே பேரு கெட்டுப்போகுமாம். குட்டியிலயே கண்டுபிடிச்சிருக்கணும்னு இவுகளைத்தான் ஏசினாராம்."

நான் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயடியில் போய் உட்கார்ந்தேன். நாய் வண்டியிடமிருந்து காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்தான் அதைக் கொண்டுபோய் அந்தச் சோற்றுக்கு முன்னால் விட்டிருக்கிறது.

"தாயி, இங்க வா" என்று சார் கூப்பிட்டார். முன்கூடத்திலிருந்து. நான் தாழ்வாரத்து எல்லையில் நின்றேன். "உள்ள வா" என்றார். அன்றுதான் முதல் தடவை அந்தக் கூடத்தில் கால் வைத்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. குட்டி நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு கண் தேன் நிறம், ஒரு கண் வெளிறிய நீலம்.

"இதுக்குக் கேக்குதான்னு நீ பாத்துச் சொல்லு. என் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை போயிருச்சு. கேக்கலன்னா இப்பவே சொல்லிரு. நாளைக்கே திருப்பிக் கொண்டுபோயிருவேன். பழகுறதுக்கு முந்தி போயிரட்டும்."

திருப்பிக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பீங்கான் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்தேன். குட்டியின் பின்னால் உட்கார்ந்து தட்டினேன். அது தன் பாட்டுக்குத் தரையை முகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் பலமாகத் தட்டினேன். முகர்ந்துகொண்டே இருந்தது.

"என்ன?" என்றார் சார்.

"பயந்துகினு இருக்குதுங்க. தரை சில்லுனு இருக்குது. பலகைல வுட்டுப் பாக்கலாங்களா?"

பலகை வந்தது. குட்டியைத் தூக்கி அதில் விட்டேன். பின்னால் நின்றேன். அப்போதெல்லாம் தரை கூட்டுகிற நீளத்துக்குப் பாவாடை. கரண்டியை ஓங்கினேன். தட்டில் அது விழுந்த அதே நேரம் பாவாடைக்குள்ளிருந்து குதிகாலால் பலகை விளிம்பை அழுத்தி ஒரு மிதி. குட்டி துள்ளித் திரும்பி என்னைப் பார்த்தது. இன்னொரு தரம் செய்தேன். இன்னொரு தரமும் திரும்பியது.

"நல்லா கேக்குதுங்க சார்."

அவர் நெடுமூச்சு விட்டார். வீட்டம்மா குட்டியை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அந்த மடியில் ஒரு உயிர் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. வாழ்க்கையில் துணிந்து சொன்ன முதல் பொய் அது. வீட்டுக்குப் போகும் வழியில், கால்வாய் ஓரமாக நடக்கும்போது அம்மா சொன்னாள்.

"பாவாடை ஆடுனத நான் பாத்தன்."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"நாளைக்கு அது யாரையாவது கடிச்சுதுன்னா? ஒரு கொழந்தைய கடிச்சுதுன்னா? யாரு பதில் சொல்றது, நீயா?"

"கடிக்காதும்மா. நான் பாத்துக்கறன்."

"பாத்துகினு கிழிச்ச." கொஞ்ச தூரம் போனதும், "எப்படி பாத்துக்குவ?" என்றாள்.

அந்த "எப்படி"க்குத்தான் இரண்டு நாள் யோசித்தேன். பெரியவர்களுக்குப் புத்தி சொன்னால் ஏறாது. பெருமையாகச் சொன்னால் ஏறும். சாரிடம் போய் நின்றேன்.

"சார், பெரிய வம்சத்து நாயை பின்னாடியிருந்து தொடக்கூடாதுங்களாமே? பலகையில ரெண்டு மிதி மிதிச்சு, அது திரும்பிப் பாத்து உத்தரவு குடுத்த அப்புறந்தான் தொடணுமாம். முன்னாடி ஜமீன் வூடுங்கள்ல அதான் மொறையாம்."

"யாரு சொன்னா?"

"கேள்விப்பட்டங்க."

அவர் மீசையைத் தடவினார். "இருக்கும், இருக்கும். அந்தக் காலத்து ஆளுக காரணமில்லாம செய்வாகளா?"

அன்றிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டம் ஆனது. வருகிறவர்கள் எல்லாரும் பலகை ஓரத்தில் இரண்டு மிதி மிதித்து, சின்ன ஜமீன் திரும்பிப் பார்த்த பிறகுதான் கிட்டே போவார்கள். சாருக்கு மேலதிகாரி ஒருவர் வந்தார். பூட்ஸ் காலோடு தொம் தொம்மென்று மிதித்துவிட்டுக் காத்து நின்றார். பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமி, "உங்க ஆத்துக்கு வரணும்னா சலங்கை கட்டிண்டுதான் வரணும் போலருக்கே" என்று சொல்லிச் சிரித்தார். விரலை மடக்கினால் வரும், கையைத் தாழ்த்தினால் உட்காரும் என்று நான் பழக்கியதை, "சத்தம் போட்டுக் கூப்பிடறது அதுக்குக் கௌரவக் குறைச்சல்" என்று வீட்டம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மாவுக்குச் சத்தம் போட்டுப் பேசி முன்பே பழக்கமில்லை. இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

சொறி வந்தது, வெயிலில் மூக்கு தோல் உரிந்தது, நீலக் கண்ணில் அடிக்கடி நீர் வடிந்தது. அந்த வெள்ளைக்கு உண்டான சீக்கெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. டாக்டர் சொன்ன பட்டியலில் எதுவும் பாக்கியில்லை. உச்சிவெயிலில் வெளியே விடாமல், வேப்பெண்ணெய் தடவி, ராத்திரி பகல் பார்த்துக்கொண்டது அந்த அம்மா. இணை சேர்க்கச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்தபோதெல்லாம் சார், "உடம்பு சரியில்ல, அப்புறம் பாப்போம்" என்றே பதில் போட்டார். வம்சம், வம்சம் என்றவர் ஏன் அதை மட்டும் தள்ளிப்போடுகிறார் என்று நான் யோசித்ததுண்டு. கடைசிவரை அது யாரையும் கடிக்கவில்லை. கடித்திருந்தால்? ஒரு பிள்ளையின் முகத்தில் பாய்ந்திருந்தால் என் பொய்க்கு என்ன பெயர்? எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பத்து வருடம் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகி, மூத்தவன் இடுப்பில் இருந்தான். சாருக்கு ரிட்டயர்மென்ட். சொல்லிக்கொள்ளப் போனேன். வாசலில் லாரி நின்றது, சாமான் ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் மருதாணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சின்ன ஜமீன் கிழடாகி, பாதாம் மரத்தடியில் புல்தரையில் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. பலகையை லாரியில் ஏற்றிவிட்டார்கள். புல்லில் மிதித்தால் அதற்குத் தெரியாது.

"அதைக் கூப்பிடுங்க மாமா, நேரமாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சார் வந்தார். கூப்பிடவில்லை. தெருவை இந்தக் கோடி, அந்தக் கோடி பார்த்தார். பிறகு நாய்க்குப் பின்னால் போகாமல், பெரிய வட்டமாகச் சுற்றி, அதன் கண்ணுக்கு எதிரே போய்க் குந்தினார். அது பார்த்ததும் வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து, இரண்டு தரம் மெல்லத் தட்டிக் காட்டினார். நாய் எழுந்து போய், அவர் நெஞ்சில் தலையைச் சாய்த்தது.

அந்தச் சைகை நான் பழக்கியது இல்லை. வீட்டம்மாவும் செய்து நான் பார்த்ததில்லை. அது அவருடையது. நாயும் யோசிக்காமல் எழுந்து வந்தது. எத்தனை வருடப் பழக்கமோ.

தலையைத் தூக்கியவர் வேலிக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு உடம்பு கூசியது. அவருக்கும் கூசியிருக்க வேண்டும். நாயின் முதுகைத் தடவினார்.

"யாருட்டயும் சொல்லிராத தாயி" என்றார்.

"சொல்லமாட்டங்க சார்."

எப்போது தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. அன்று கூடத்திலேயே தெரியுமா, தெரிந்தும் என் வாயிலிருந்து "கேக்குது" என்ற அந்த ஒரு சொல் வரட்டும் என்று காத்திருந்தாரா, அதுவும் தெரியாது. லாரி போய்விட்டது. இத்தனை வருடம் அவர் சொன்னபடி வாயை மூடியே இருந்தேன். இப்போது அவரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை, நாயும் இல்லை. கேட்டு வருத்தப்பட யாரும் இல்லாதபோது சொன்னால் வாக்கு மீறினதாகாது என்று நினைக்கிறேன். ஆகும் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், நாளைக்கு பார்க்கில் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

அவ்வளவுதான் கண்ணு. பேனாவை மூடு. எங்கே, முதலிலிருந்து ஒரு தரம் படித்துக் காட்டு. அவசரப்படாமல் படி. நான் சொல்லாத வார்த்தை ஏதாவது அழகுக்குச் சேர்த்திருந்தால், அந்த இடத்தில் நிறுத்துவேன்.